வாசகர் கேள்வி: உப்பு ஏரிக்குள் எண்ணெய்ப் பாறை எப்படி வந்தது?

சென்ற இதழில் எண்ணெய் ஷேல் (சூடாக்கினால் எண்ணெய் தரும் களிப்பாறை) பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, உலகிலேயே மிகப் பெரிய எண்ணெய் ஷேல் படிவு பழைய உப்பு ஏரிகளின் அடியில் உருவானது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. எனக்கு மகிழ்ச்சிதான். ஓர் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பாறையைப் பொடித்து, சூடாக்கி, அதிலிருந்து என்ன வருகிறது என்று அளப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. கைக்கு வந்த பாறைகளில் மனசுக்கு மிகவும் பிடித்தது இந்த உப்பு ஏரிப் பாறை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எதுவும் மனத்தில் நிற்காது என்பதால் அமெரிக்காவின் கிரீன் ரிவர் படிவை முக்கிய உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். வயோமிங், யூட்டா, கொலராடோ ஆகிய மூன்று மாநிலங்களில், ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மலைகளுக்கு நடுவே கிடந்த ஏரிகள் விட்டுச்சென்ற படிவு அது.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக உப்பளம்தான் தொழில். உப்பு விளையும் பாத்தியில் மீன் கிடையாது, புழு கிடையாது. உயிரே இல்லாத தண்ணீரில் எண்ணெய்க்கு வேண்டிய உயிர்ப்பொருள் எங்கிருந்து வரும்? – தூத்துக்குடி வாசகர்

மீன் இல்லை, புழு இல்லை என்று எழுதிய நீங்கள் தண்ணீரின் நிறத்தை எழுதவில்லை. உப்பு விளையும் நேரத்தில் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாகவும், சில நேரம் செங்கல் நிறமாகவும் மாறுவதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கட்டாயம் பார்த்திருப்பார்கள். அந்தச் சிவப்பு முழுக்க உயிர்தான். அதில் ஒன்று டுனாலியெல்லா என்ற ஒற்றைச் செல் பாசி. பச்சைப் பாசி வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் கடும் வெயிலும் உப்பும் சேரும்போது பீட்டா கரோட்டினைத் தனக்குள் குவித்துக்கொண்டு ஆரஞ்சு நிறமாகிவிடும். வெளியே உள்ள உப்பு தன் நீரை உறிஞ்சிவிடாதபடி செல்லுக்குள் கிளிசராலைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று, உப்பிலேயே பெருகும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள். பாசி செத்துக் கரையும்போது வெளிவரும் கிளிசரால்தான் இவற்றுக்கு முக்கியமான தீனி.

உப்பு ஏறும்போது உயிர் வகைகள் குறையும். ஆனால் தாங்கி நிற்கும் சில வகைகளின் எண்ணிக்கை கணக்கில்லாமல் பெருகும். பாசியைத் தின்னும் பிராணிகள் ஒவ்வொன்றாக விலகிவிடுகின்றன. ஆர்டீமியா என்ற உப்பு இறால்கூட ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காது. தின்ன ஆளில்லாத பாசி பெருகாமல் என்ன செய்யும்? அப்புறம், வெளியேற வழியில்லாத ஏரியில் ஆறு கொண்டுவந்த பாஸ்பேட் போன்ற சத்துகள் தங்கிவிடுகின்றன. தண்ணீர் ஆவியாக ஆவியாக அவை செறிகின்றன. அதுவே சோடா ஏரியாக, அதாவது சோடியம் கார்பனேட் நிறைந்த ஏரியாக இருந்துவிட்டால் இன்னும் வசதி. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கார்பன், பைகார்பனேட்டாகத் தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும். கென்யாவின் பொகோரியா போன்ற ஏரிகளில் பூநாரைகள் லட்சக்கணக்கில் கூடுவது இதனால்தான். கடையில் ஸ்பைருலினா என்று விற்கிறார்களே, அந்த நீலப்பச்சைப் பாசிதான் அவற்றின் சாப்பாடு. உலகில் ஒளிச்சேர்க்கை மிக அதிகமாக நடக்கும் நீர்நிலைகளின் வரிசையில் இந்த சோடா ஏரிகளுக்கு இடம் உண்டு.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் நடுவே உள்ள சாக்கடலில் ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 340 கிராம் உப்பு. பெரும்பாலான ஆண்டுகளில் அங்கே பாசியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். 1980-லும் 1992-லும் மட்டும் நிலைமை வேறு. முந்தைய குளிர்காலத்தில் பெய்த கனமழையால் மேல்தண்ணீர் நீர்த்துப்போக, டுனாலியெல்லா பொங்கியது. அதைத் தின்று ஆர்க்கியா பெருகியது. 1980-ல் ஒரு மில்லிலிட்டர் நீரில் சுமார் 2 கோடி நுண்ணுயிர்கள் இருந்தன, கடலே சிவந்துவிட்டது. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் அகரோன் ஓரென் இதைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து ஆராய்ந்தவர். ஆக, கடும் உப்பு ஏரி உயிரால் நிறைவது, நன்னீர் வந்து அதன்மேல் சேரும் காலத்தில். கீழே வரும் பதில்களுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

கேள்வி: உப்பு போட்டால் ஊறுகாய் கெடுவதில்லை. ஏரியின் அடியில் பாசி மக்காமல் இருந்ததும் அப்படித்தானா? – மதுரை வாசகி

பாதிதான் சரி. ஊறுகாயில் உப்பு நேரடியாக வேலை செய்கிறது. கெடுக்க வரும் நுண்ணுயிருக்கு வேண்டிய தண்ணீரை அதற்குக் கிடைக்காமல் செய்துவிடுகிறது. ஏரியில் அப்படியில்லை. உப்புக்குப் பழகிய பாக்டீரியா அங்கே எப்போதும் உண்டு. உப்பு ஏரிச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, சல்பேட்டைக் கொண்டு கரிமப் பொருளைத் தின்னும் பாக்டீரியாவின் வேலை அது. மேலே உண்டானதில் பெரும்பங்கு அடியில் புதையும் முன்பே இப்படித் தீர்ந்துபோகிறது. மிச்சம் பிழைத்துப் புதைவது சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கு கொஞ்சம் கூடினாலே பாறை செழிப்பாகிவிடும்.

அதைக் கூட்டுவதில் உப்பின் பெரிய பங்கு, தண்ணீரைக் கனமாக்குவதுதான். நன்னீர் லிட்டருக்கு ஒரு கிலோ. சாக்கடல் நீர் ஏறக்குறைய 1.24 கிலோ. செறிந்த உப்புநீர் கிடக்கும் ஏரியில் ஆற்று வெள்ளம் வந்தால் அது மேலேயே பரவி நிற்கும், கீழே இறங்காது. காற்று எவ்வளவு அடித்தாலும் மேலடுக்கு மட்டும் கலங்கும். சாதாரண ஏரியில் குளிர்காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து அடிக்குப் போய், ஆக்சிஜனைக் கூடவே கொண்டுபோகும். இரண்டடுக்கு ஏரியில் அந்தச் சுழற்சி நின்றுவிடும். கீழே இருந்த ஆக்சிஜன் தீர்ந்தால் தீர்ந்ததுதான். போதாததற்கு, உப்பு கூடக்கூடத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனின் அளவே குறைகிறது.

இதைக் கண்ணால் பார்க்க யூட்டாவின் பெரிய உப்பு ஏரி நல்ல இடம். 1959-ல் அந்த ஏரியின் குறுக்கே ரயில் பாதைக்காகக் கற்களைக் கொட்டிக் கரை போட்டார்கள். ஆறுகள் எல்லாம் தெற்குப் பக்கம்தான் வந்து சேர்கின்றன. வடக்குப் பக்கத்துக்கு ஆறே இல்லாமல் போனதால் அது முற்றிய உப்புநீராகி இளஞ்சிவப்பாகிவிட்டது. அந்தக் கனமான நீர் கரையின் இடுக்குகள் வழியாகத் தெற்கே கசிந்து, தெற்கு ஏரியின் அடியில் தனியொரு அடுக்காகத் தங்கியது. ஆக்சிஜன் இல்லாத, ஹைட்ரஜன் சல்பைடு நாற்றம் அடிக்கும் அடுக்கு. மேலே செத்த பாசியும் இறால் கழிவும் அதற்குள் விழுந்து சேர்ந்தன. ஏரியை இரண்டடுக்காக்குவது எவ்வளவு சுலபம் என்று இதைப் பார்த்தால் புரியும்.

ஆக்சிஜன் இல்லாத அடியில் புழுவும் நத்தையும் இருக்காது. சேற்றை யாரும் துளைத்துக் கிளறாததால் ஆண்டுக்கு ஆண்டு விழுந்த மெல்லிய படலங்கள் விழுந்தபடியே இருக்கும். அந்தச் சேற்றில் பாக்டீரியா முதலில் சர்க்கரையையும் புரதத்தையும் தீர்க்கும். கொழுப்பும், சில பாசிகளின் செல்சுவரில் உள்ள அல்ஜினான் என்ற கடினமான பொருளும் மிஞ்சும். அவற்றில் ஹைட்ரஜன் நிறைய. இவை புதைந்து ஒன்றோடொன்று பிணைந்து கெரோஜன் ஆகின்றன. சூடு பட்டால் எண்ணெயாகும் திடப்பொருள் அது. எங்கள் ஆய்வகத்தில் மாதிரியைச் சூடாக்கி, ஒரு கிராம் கரிமக் கார்பனுக்கு எத்தனை மில்லிகிராம் ஹைட்ரோகார்பன் வருகிறது என்று அளப்போம். அதற்கு ஹைட்ரஜன் குறியீடு என்று பெயர். மரம், இலை மக்கிய படிவில் 200-ஐத் தாண்டுவதே அபூர்வம். நல்ல கிரீன் ரிவர் மாதிரி 900-ஐத் தொடும். முதல் தடவை அந்த வரைபடத்தைப் பார்த்தபோது கருவி சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டு மறுபடியும் ஓட்டினோம். அதே எண்தான் வந்தது.

எல்லா உப்பு ஏரியும் ஒரே மாதிரி காப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் ஜியாங்ஹான் என்ற வடிநிலம் (சுற்றிலுமிருந்து தண்ணீரும் மண்ணும் வந்து சேரும் தாழ்நிலம்) இருக்கிறது. அங்கே இருந்த பழைய ஏரியில் சல்பேட் உப்புகளும் சாதாரண உப்பும் படிந்தன. இப்படிப்பட்ட ஏரியில் ஹைட்ரஜன் சல்பைடு நிறைய உண்டாகும். அதைப் பிடித்து வைக்க இரும்பு போதாத சேற்றில், மிஞ்சிய கந்தகம் கரிமப் பொருளோடு பிணைந்துவிடும். அப்படிப் பிணைந்தது பாக்டீரியாவுக்குப் பிடிபடாமல் தப்பிக்கும். ஆனால் கந்தகப் பிணைப்பு பலவீனமானது. குறைந்த சூட்டிலேயே அறுந்து எண்ணெயை விட்டுவிடும். அதனால்தான் ஜியாங்ஹானில் முற்றாத, கந்தகம் மிகுந்த எண்ணெய் கிடைக்கிறது.

கேள்வி: அத்தனை பழைய ஏரியில் தண்ணீர் இரண்டடுக்காக இருந்தது என்று பாறையைப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும்? இது ஊகம்தானே? – திருச்சி கல்லூரி மாணவி

சந்தேகம் நல்லதுதான், அம்மா. ஆனால் ஊகத்துக்கு மேலே சாட்சி இருக்கிறது. முதல் சாட்சி கண்ணுக்குத் தெரிவது. கிரீன் ரிவர் ஷேலைக் குறுக்கே அறுத்துத் தேய்த்தால் வெளுப்பும் கறுப்புமாக வரிவரியாக ஓடும். ஒரு மில்லிமீட்டருக்குள் பல வரிகள். வெளுப்பு, வெயில் காலத்தில் படிந்த சுண்ணாம்பு கலந்த படலம். கறுப்பு, செத்த பாசிப் படலம். ஒரு சோடி ஓர் ஆண்டு என்று எடுத்துக்கொண்டு அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் வில்மட் பிராட்லி 1929-லேயே கணக்குப் போட்டார். ஏரிகளின் காலம் 50 லட்சம் முதல் 80 லட்சம் ஆண்டுகள் வரை என்று அவர் சொன்னார். பிற்காலத்தில் இடையிடையே கிடைத்த எரிமலைச் சாம்பலைக் கதிரியக்க முறையில் காலம் கணித்தபோது, அவருடைய கணக்கின் கீழ் எல்லையை ஒட்டியே விடை வந்தது. கதிரியக்கக் காலக்கணிப்பு கைக்கு வராத காலத்தில், வரிகளை அளந்தே ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை கூடுகிறது. பூமியின் அச்சு மெல்ல ஆடுவதால் வரும் ஏறக்குறைய 21,000 ஆண்டுச் சுழற்சியைக்கூட அந்த அடுக்குகளில் அவர் கண்டார்.

இரண்டாவது சாட்சி மூலக்கூறுகளில். இதுதான் என் துறை என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஷேல் பொடியைக் கரைப்பானில் ஊறவைத்து வடித்த சாற்றை வாயு நிறப்பிரிகைக் கருவிக்கும், அதோடு இணைந்த நிறைமானிக்கும் கொடுத்து, 191 என்ற நிறை எண்ணை மட்டும் பார்ப்போம். பாக்டீரியாவின் செல்சவ்விலிருந்து வந்த ஹோப்பேன்கள் வரிசையாக முகடுகளாக எழும்பும். அந்த வரிசைக்கு நடுவே, 31 கார்பன் ஹோப்பேன் இரட்டை முகட்டை ஒட்டி, சில பாறைகளில் ஒரு தனி முகடு நிமிர்ந்து நிற்கும். அதுதான் காமாசெரேன். கிரீன் ரிவர் ஷேலில் 1960-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாக இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

சிலியேட் என்று ஒரு நுண்பிராணி இருக்கிறது. அதன் செல்சவ்வுக்கு ஸ்டீரால் என்ற கொலஸ்ட்ரால் வகைப் பொருள் தேவை. வழக்கமாகப் பாசியைத் தின்று அதைப் பெற்றுக்கொள்ளும். இரண்டடுக்கு ஏரியில், ஆக்சிஜன் முடிகிற எல்லைக் கோட்டில் பாக்டீரியா கூட்டமாகக் குவியும். சிலியேட் அங்கே போய் பாக்டீரியாவை மட்டும் தின்னும். பாக்டீரியாவில் ஸ்டீரால் கிடையாது. அதனால் தானே டெட்ராஹைமனால் என்ற மாற்றுப் பொருளைத் தயாரித்துச் சமாளித்துக்கொள்ளும். சிலியேட் செத்து விழுந்து புதையும்போது அந்த டெட்ராஹைமனால் காலப்போக்கில் காமாசெரேன் ஆகிறது. ஆக, அந்த முகடு உயரமாக நின்றால், மேலே ஓர் எல்லைக்கோடு நீண்ட காலம் நிலைத்திருந்தது என்று அர்த்தம். நெதர்லாந்தின் சின்னிங்ஹே டாம்ஸ்டே குழுவினர் 1995-ல் இதைத் தெளிவாக்கினார்கள்.

அதே சாற்றில் பீட்டா கரோட்டேனும் கிடைக்கும். பாசியிலும் பாக்டீரியாவிலும் இருந்த பீட்டா கரோட்டின், ஹைட்ரஜன் சேர்ந்து மிஞ்சிய எலும்புக்கூடு அது. ஆக்சிஜன் பட்டால் கரோட்டின் சீக்கிரமே சிதைந்துவிடும். 5 கோடி ஆண்டு கழித்தும் அது கிடைக்கிறது என்றால் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? ஒரு மூலக்கூறை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது என்று என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களிடம் சொல்வேன். இங்கே வரிகள், காமாசெரேன், கரோட்டேன் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன.

கேள்வி: உப்பு படிய ஏரி வற்ற வேண்டும். நீங்கள் சொல்லும் இரண்டடுக்குத் தண்ணீருக்கு ஏரி நிறைந்திருக்க வேண்டும். ஒரே ஏரியில் இரண்டும் எப்படி? – நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, இந்தக் கேள்வியைத்தான் நிலவியலாளர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள்.

முதலில் உப்பின் கதை. 1938-ல் வயோமிங்கில் கிரீன் ரிவர் ஊருக்குப் பக்கத்தில் எண்ணெய், எரிவாயு தேடி ஜான் ஹே என்ற பெயரில் ஒரு கிணறு தோண்டினார்கள். எண்ணெய்க்குப் பதில் ட்ரோனா அகப்பட்டது. சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்த கனிமம் அது. அதுவே உலகின் மிகப் பெரிய ட்ரோனா படிவு. இன்று அமெரிக்காவின் சலவைச் சோடாவில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. கண்ணாடித் தொழிலுக்கு உயிரே அதுதான். கொலராடோ பக்கம் உள்ள அடுக்குகளில் நாகோலைட் கிடைக்கிறது. அது சுத்தமான சோடியம் பைகார்பனேட், நம் சமையலறை ஆப்ப சோடாவேதான்.

ஏன் சோடா, ஏன் சாதாரண உப்பு இல்லை என்பதற்கு 1970-ல் லாரன்ஸ் ஹார்டியும் ஹான்ஸ் யூக்ஸ்டரும் அழகான விளக்கம் கொடுத்தார்கள். தண்ணீர் ஆவியாகும்போது முதலில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். கால்சியம் முதலில் தீர்ந்துவிட்டால் மிஞ்சிய கார்பனேட் சோடியத்தோடு சேர்ந்து சோடா ஏரியாகும். கார்பனேட் முதலில் தீர்ந்தால் மிஞ்சிய கால்சியம் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகி, அப்புறம் சாதாரண உப்பு வரும். தொடக்கத்தில் ஆற்று நீரில் இருக்கும் சிறிய வித்தியாசம் கடைசியில் இவ்வளவு பெரிய வித்தியாசமாகிவிடுகிறது.

இனி விவாதம். பிராட்லி பார்த்தது ஆழமான, இரண்டடுக்கான ஏரி. அவரோடு சேர்ந்து 1969-ல் ட்ரோனா பற்றி விரிவான அறிக்கை எழுதிய அதே யூக்ஸ்டர், 1973-ல் ரொனால்ட் சர்டமோடு சேர்ந்து வேறொரு படத்தை வைத்தார். கென்யாவின் மகாடி சோடா ஏரியில் வேலை செய்தவர் அவர். அங்கே வற்றிய சோடாப் பரப்பையும் சுற்றியுள்ள சேற்று வெளியையும் பார்த்தவருக்கு, வயோமிங் ஏரியும் ஆழமில்லாமல் விரிந்தும் சுருங்கியும் கிடந்த ஏரிதான் என்று பட்டது. சாட்சியும் இருந்தது. ட்ரோனா உள்ள வில்கின்ஸ் பீக் அடுக்குகளில் வெயிலில் வெடித்த சேற்றுப் பிளவுகள் பாறையாகவே நிற்கின்றன. ஆழ ஏரியின் அடியில் சேறு வெடிக்காது.

என் அபிப்பிராயம், இருவரும் பார்த்தது உண்மை. ஆனால் வேறு வேறு காலத்து ஏரியை. ஆலன் கரோலும் கெவின் பொஹாக்சும் 1999-ல் எழுதிய கட்டுரை இதை நேராக்கியது. வடிநிலம் எவ்வளவு தாழ்கிறது, அதை நிரப்பத் தண்ணீரும் மண்ணும் எவ்வளவு வருகின்றன என்ற இரண்டையும் ஒப்பிட்டு அவர்கள் ஏரிகளை மூன்றாகப் பிரித்தார்கள். எப்போதும் நிரம்பி வழியும் ஏரி நன்னீராக இருக்கும். ஆறு மண்ணையும் மரத்தூளையும் கொண்டுவந்து கொட்டும். நத்தையும் நிலக்கரியும் கிடைக்கும், ஷேல் செழிப்பு குறைவு. எப்போதும் நிரம்பாத ஏரியில் உப்பு படியும். ஷேல் வந்தாலும் மெல்லிய அடுக்குகளாகத்தான் வரும். நடுவில் உள்ளதுதான் பாக்கியசாலி. சில காலம் விளிம்பு வரை நிரம்பும், சில காலம் இறங்கும். உப்பு முழுதாக வெளியேறவும் இல்லை, ஏரி முழுதாக வற்றவும் இல்லை. கோசியூட் என்ற வயோமிங் ஏரியில் லூமன், டிப்டன், வில்கின்ஸ் பீக், லேனி என்று கீழிருந்து மேலாக அடுக்குகள் உண்டு. லூமன் வழிந்தது. டிப்டனும் லேனியும் நடுத்தரம், கனமான எண்ணெய் ஷேல் அங்கேதான். வில்கின்ஸ் பீக் வற்றியது, ட்ரோனா அங்கே.

இதை நான் நேரிலும் பார்த்தேன். பயிற்சிக்காகப் போயிருந்தபோது ட்ரோனா சுரங்கம் ஒன்றுக்குள் இறங்க அனுமதித்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் தேன் நிறத்தில் சுவர் முழுக்க ட்ரோனா. நான் பார்க்க ஆசைப்பட்டது அதன் காலடி. ட்ரோனா அடுக்குகளில் பலவற்றுக்கு நேர் கீழே எண்ணெய் ஷேல்தான் இருக்கும் என்று படித்திருந்தேன். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. பழுப்புக் கறுப்பில் ஒரு ஷேல், அதன்மேல் எந்த இடைவெளியும் இல்லாமல் ட்ரோனா, அதற்கும் மேலே சாம்பல் நிறக் களிப்பாறை. கூட வந்த பொறியாளர் கனத்தையும் தரத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ அந்த இரண்டு பாறையும் தொட்டுக்கொள்ளும் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஏரி நிறைந்து, பாசி பொங்கி, அடியில் சேர்ந்து, பிறகு மழை குறைந்து ஏரி சுருங்கிச் சோடா படிந்த கதை அந்தக் கோட்டில் முழுசாக இருக்கிறது. அடுத்த சுற்றில் புதிய வெள்ளம் வந்து மேல்சோடாவைக் கொஞ்சம் கரைத்துக் கனமான அடித்தண்ணீரை உண்டாக்கும். தான் அதன்மேல் லேசாகப் பரவி நிற்கும். முந்தைய வறட்சியில் படிந்த உப்புதான் அடுத்த செழிப்புக்கு இரண்டடுக்கைக் கட்டிக்கொடுக்கிறது. வில்கின்ஸ் பீக்கில் ஒரு மீட்டருக்கு மேல் கனமான ட்ரோனா அடுக்குகளே இருபதுக்கும் மேல். அத்தனை தடவை இது நடந்திருக்கிறது.

ஆகவே ‘உப்பு அதிகமானால் எண்ணெய் அதிகம்’ என்று சில புத்தகங்களில் சுருக்கமாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். உப்பு மிகக் கனமாகக் கிடக்கும் இடத்தில் ஷேல் மெலிந்துதான் இருக்கும்.

கேள்வி: அங்கே பல லட்சம் கோடி பீப்பாய் எண்ணெய் இருப்பதாகப் படித்தேன். பிறகு ஏன் எடுக்கவில்லை? – கோவை வாசகர்

அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் மதிப்பீட்டில் கிரீன் ரிவர் படிவு உள்ள மூன்று வடிநிலங்களும் சேர்த்து 4 லட்சம் கோடி பீப்பாய்க்கு மேல். ஆனால் அது எண்ணெயாக இல்லை, கெரோஜனாக இருக்கிறது. போதிய ஆழத்துக்குப் புதைந்து போதிய சூடு பட்டிருந்தால் இயற்கையே அதை எண்ணெயாக்கியிருக்கும். பெரும்பகுதிக்கு அந்தச் சூடு கிடைக்கவில்லை. வெட்டியெடுத்து 500 டிகிரி செல்சியஸ் அளவில் சுட வேண்டும். அதற்கு ஆற்றல் வேண்டும், மிஞ்சும் சாம்பல் மலையை வைக்க இடம் வேண்டும். எக்ஸான் நிறுவனம் 1982 மே 2-ஆம் தேதி கொலராடோவில் தன் திட்டத்தை ஒரே நாளில் மூடியது. 2,000 பேருக்கு மேல் வேலை போனது. அந்த வட்டாரத்தில் இன்றும் அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்றுதான் சொல்கிறார்கள். ஷெல் நிறுவனம் நிலத்துக்குள்ளேயே சூடாக்கிப் பார்த்து 2013-ல் விலகிவிட்டது.

யூட்டாவின் யுயின்டா வடிநிலத்தில் இதே ஏரிப் பாறை ஆழமாகப் புதைந்த இடங்களில் உண்மையான எண்ணெய் எடுக்கிறார்கள். பாசிக் கொழுப்பிலிருந்து வந்தது என்பதால் மெழுகு நிறைந்தது, ஆறினால் உறைந்துவிடும். லாரியில் சூடாகவே வைத்து அனுப்ப வேண்டும்.

கேள்வி: அந்த ஷேலைக் கொளுத்தினால் எரியுமா? – எட்டாம் வகுப்பு மாணவர், சேலம்

செழிப்பான துண்டு எரியும், தம்பி. புகை நிறைய வரும், தார் வாசனை அடிக்கும். கொலராடோவில் குடியேறிய ஒருவர் கறுப்புக் கல்லால் அடுப்படி கட்டித் தீ மூட்டியதும் அடுப்போடு வீடும் எரிந்துபோனதாக ஒரு கதை சொல்வார்கள். வீட்டில் சோதித்துப் பார்க்காதே.

கேள்வி: இப்படிப்பட்ட ஏரி நம் நாட்டில் உண்டா? எங்கே போய்ப் பார்க்கலாம்? – சென்னை வாசகி

எண்ணெய் ஆகும் அளவுக்குப் பழையது இல்லை. ஆனால் இதே வேலை இன்று நடப்பதைப் பார்க்க மகாராஷ்டிராவின் லோனார் இருக்கிறது. விண்கல் விழுந்து எரிமலைப் பாறையில் உண்டான பள்ளம் அது. குறுக்களவு ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். வெளியேற வழியில்லாத சோடா ஏரி. கரையில் நின்றாலே நீலப்பச்சைப் பாசியின் நிறம் தெரியும், சேற்றின் கந்தக நாற்றமும் வரும். 2020 ஜூனில் தண்ணீர் குறைந்து உப்பு ஏறியபோது ஏரி இளஞ்சிவப்பானது. புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் பார்த்து, காரணம் உப்பை விரும்பும் ஆர்க்கியா என்று சொன்னது. மழை வந்து தண்ணீர் நீர்த்ததும் நிறம் போய்விட்டது. ஏரியின் அடிச்சேற்றைத் துளைத்து எடுத்துப் பார்த்ததில் கேலுசைட் என்ற சோடியம், கால்சியம் கார்பனேட் படிகங்கள் சில அடுக்குகளில் மட்டும் கிடைத்தன. ஏரி மிகவும் உவர்த்துப்போன காலங்களில் சேற்றுக்குள் வளர்பவை அவை. அதை வைத்து, ஏறக்குறைய 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்பும், 2,000 முதல் 600 ஆண்டுகளுக்கு முன்பும் மத்திய இந்தியாவில் பருவமழை நீண்ட காலம் பொய்த்ததைக் கண்டுபிடித்தார்கள்.

ராஜஸ்தானின் சாம்பரும் பெரிய உப்பு ஏரிதான். ஆனால் ஆழம் மிகக் குறைவு. காற்று அடித்தால் அடிவரை கலங்கிவிடும். இரண்டடுக்குத் தண்ணீர் அங்கே நிலைத்து நிற்பது கஷ்டம். இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் லோனாருக்குப் போங்கள். மழை முடிந்த பிறகு ஒரு தடவையும், கோடையின் கடைசியில் ஒரு தடவையும் பார்த்தால் ஒரே ஏரி எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். அது சரணாலயம், 2020-லிருந்து உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. அதனால் சேற்றையோ கல்லையோ எடுத்து வர அனுமதி இல்லை.